தில்லைப் பால்

எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வியாதி உண்டு. கோயில் பிரசாதம், கல்யாணப் பத்திரிகை, மகள் வாங்கிவந்த மதிப்பெண் பட்டியல், எது கைக்கு வந்தாலும் முதலில் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் மறுவேலை. கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஊரில் எல்லாரும் செய்வதுதான். நான் புது ரேஷன் கார்டைக்கூட ஒற்றிக்கொண்டவள். "கரண்ட் பில்லையும் ஒத்திக்கம்மா, கொஞ்சம் கம்மியா வரும்" என்பார் என் கணவர். அவருக்கு என்ன, சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. இந்தப் பழக்கம்தான் என் கண்ணுக்கே எமனாக வந்தது.

நான் பிறந்தது சிதம்பரத்துக்குப் பக்கத்தில். வாக்கப்பட்டது காரைக்கால் பக்கத்துப் பூவத்தில். காரைக்காலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப் பொறுப்பாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. கடலோரத்துப் பெண்களைக் கூட்டி வேலை நடத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் அவர்கள் இங்கிலீஷைத் தமிழாக்கி, இவர்கள் தமிழை இங்கிலீஷாக்கி, இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பணம் வந்து கொட்டியது. அப்போது படகுக்கும் வலைக்கும் வீட்டுக்கும் வந்தது. இப்போது மரத்துக்கு வருகிறது. கிளிஞ்சல்மேட்டு மீனவர் கிராமத்துக்கு அருகே உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் கழி ஒன்று உண்டு. அதன் கரையெல்லாம் அலையாத்தி நட்டு வளர்த்தால், அடுத்த புயலுக்கு ஊருக்கு முன்னால் ஒரு வேலியாக நிற்கும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

முதலில் ஒரே வகைக் கன்றுதான் நட்டோம். அது பிடித்து வளர்ந்த பிறகு, பணம் தருகிறவர்களிடமிருந்து ஒரு யோசனை வந்தது. ஒரே வகை மரம் கூடாது, நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போய்விடும், பல வகை கலந்து நடுங்கள் என்றார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? சரி என்றோம். வடக்கே ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து புதுக் கன்றுகள் வண்டியில் வந்து இறங்கின. எங்கள் கழியில் யாரும் பார்த்திராத செடிகள். வேலைக்கு வந்த பெண்களும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை.

"இது என்னங்க, அரளி மாதிரி இருக்கு?" என்று வண்டியோடு வந்த ஆளைக் கேட்டேன்.

"இதுதாங்க தில்லை" என்றார் அவர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தில்லை தில்லை என்று கேட்டே வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் சிதம்பரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், தில்லை என்றுதான் சொல்வார்கள். அந்த ஊருக்கே பெயர் கொடுத்த மரத்தை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. ஆனித் தேருக்கு எத்தனை வருஷம் போயிருப்பேன், தேரோடும் வீதியில் ஒரு தில்லை நிற்கவில்லை. அது இப்போது பிளாஸ்டிக் பையில், என் காலடியில், வெளிநாட்டுப் பணத்தில் வந்து நிற்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நடராஜா, நீயே வந்துட்டியா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு குனிந்து ஓர் இலையைக் கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் வந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முதலில் இடது கண்ணிலும் பிறகு வலது கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அரித்தது. புறங்கையால் தேய்த்தேன், அதுதான் வினை. அப்புறம் மிளகாய்ச் சாந்தைக் கண்ணுக்குள் அப்பி இமையைத் தைத்துவிட்ட மாதிரி ஆனது. சத்தம் போட்டேனாம், எனக்கு நினைவில்லை. என்னோடு வேலை பார்த்தவள் திருமலைராயன்பட்டினத்துப் பெண், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, என்னைவிட ரொம்பச் சின்னவள். அவள்தான் என்னைச் சேற்றிலேயே உட்கார வைத்து, குடிதண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணில் ஊற்றினாள். "யா அல்லா, கண்ணத் தொறங்கக்கா, தொறங்கக்கா" என்று அவள் அழுகிற குரல் கேட்டது. கண்ணைத் திறந்துதான் இருந்தேன். எதிரே வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்த ஒருத்தியை இழுத்துவந்து, என் தலையை அவள் மடியில் சாய்த்துப் பீய்ச்சச் சொன்னார்கள். அவள் வெட்கப்படவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் வருமென்றால் அந்த நேரத்தில் நான் எதற்கும் சம்மதித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் ஒரு பெண். குரலை வைத்து, சின்ன வயது என்று தெரிந்தது. கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "ரெண்டு கண்ணுலயும் கருவிழி புண்ணாயிருக்கும்மா. வலது ஆறிடும்னு நெனக்கிறேன். இடதுல கொஞ்சம் ஆழமா இருக்கு. பாக்கலாம்."

பாக்கலாம். கடன் கேட்டால் சொல்வோம், சம்பந்தம் பேச வந்தால் சொல்வோம், இல்லை என்று சொல்ல மனமில்லாத இடத்திலெல்லாம் நாம் சொல்லும் சொல் அது. கண்ணைக் கட்டிப் படுக்க வைத்த பிறகு அந்த ஒரு சொல் என் ஈரக்குலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வீட்டுக்கு வந்தேன். இருட்டு என்றால் கறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கட்டுக்குள் சிவப்பும் பச்சையுமாக என்னென்னவோ நீந்தின. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுவாள். அவள் முகத்தை நினைத்துப் பார்ப்பேன். மூக்கு வரும், பல் வரும், எல்லாம் சேர்ந்து ஒரு முகமாக வராது. அப்படியே மறந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன். நாளைக்கு அவள் கல்யாணத்தில் மணவறையில் யார் கையையோ பிடித்துக்கொண்டு நான் தடவித் தடவி ஏறுவேனா? பார்க்க வந்தவர்கள் வேறு என் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினார்கள். எதிர்வீட்டு அம்மாள், "சாமி மரத்தக் கிள்ளலாமாடி, அதான் கேட்டுருச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் என்ன வெட்டியா போட்டேன்? கும்பிடத்தானே கிள்ளினேன்? வேண்டாம் என்றால் நடராஜர் வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாமே என்று அவரிடமே சண்டை போட்டேன். போட்ட மறுநிமிஷமே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திருமலைராயன்பட்டினத்துப் பெண் தினம் வருவாள். ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அக்கா, கோவப்படாதீங்க. ஆபீஸ்ல அட்டப்பொட்டி அடுக்கி வச்சிருக்காங்கல்ல, அதுல கண்ணாடி இருக்குக்கா. கண்ணச் சுத்தி மூடுற மாதிரி. கையுறையும் இருக்கு. இந்தச் செடிக்காகத்தான் பணம் குடுக்குறவங்க அனுப்பியிருக்காங்க."

கண் கட்டுக்குள் இருந்ததால் எனக்கு அழக்கூட வழியில்லை. அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் வரும்போது மேடை போட்டு அவர்கள் கையாலேயே பெண்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் இயக்குநர் எடுத்து வைத்திருந்தார். நம் ஊரில் தையல் இயந்திரமோ சைக்கிளோ அப்படித்தானே கொடுக்கிறோம்? பெரிய மனிதர் கைபட்டு, போட்டோ எடுத்த பிறகுதான் பொருள் பொருளாகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதைப் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

இயக்குநர் ஆரஞ்சுப் பழத்தோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்தார். கெட்டவர் இல்லை. சுனாமி நாளிலிருந்து இந்தக் கடற்கரையில் அலைந்து தேய்ந்தவர். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"அடுத்த வாரம் அவங்க வர்றாங்கம்மா. அடுத்த கட்டத்துக்குப் பணம் உண்டா இல்லியான்னு பாத்து முடிவு பண்ணத்தான் வர்றாங்க. இது தெரிஞ்சா விசாரணை, அது இதுன்னு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. யாராச்சும் கேட்டா மெட்ராஸ் ஐன்னு சொல்லிடலாம்மா."

"சார், பொட்டியில கெடந்த கண்ணாடியக் குடுத்திருந்தா எனக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்குமா?"

 அவர் கையில் கொடுத்திருந்த காப்பி டம்ளர் டவராவில் தடதடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் பயம். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதியை ஒரு புகாரில் ரத்து செய்துவிடுவார்கள் என்று அவர் எப்போதும் சொல்வார். அவர் பயம் அவருக்கு.

"நாளைக்கு வேலைக்கு வர்ற ஒவ்வொருத்திக்கும் அந்தக் கண்ணாடியப் போட்டு விடணும். தில்லைப் பாலு பொல்லாததுன்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்பத்தான் நான் மெட்ராஸ் ஐ" என்றேன்.

சொன்னபடி செய்தார். அதிலும் ஒரு கூத்து. காலையில் கண்ணாடியைக் கொடுப்பார்களாம், சாயங்காலம் வாங்கித் துடைத்துப் பழையபடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பார்களாம். விருந்தினர் கையால் புதிதாகக் கொடுக்க வேண்டுமே.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று பின்னால் பலமுறை யோசித்தேன். மழைக்காலம் வரை அத்தனை பெண்களுக்கும் அந்த வேலைதான் அடுப்பெரித்தது, அது ஒன்று. இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். மெட்ராஸ் ஐ என்றால் சரியாகிவிடும். யாருக்கும் மெட்ராஸ் ஐ வந்து கண் போனதில்லை. அப்படியே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் அது அப்படியே ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை.

கட்டைப் பிரித்த அன்று வலது கண்ணில் முதலில் ஜன்னல் தெரிந்தது. பிறகு ஜன்னலில் காய்ந்த துண்டு தெரிந்தது. என் மகளைப் பார்த்தேன், அவள் முகம் தெரிந்தது. அழுதேன். எல்லாரும் அழுதார்கள். "ரெண்டு கண்ணும் தெரியுதாம்மா?" என்று கணவர் கேட்டார். "தெரியுதுங்க. இடதுல மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றேன். இடதில் வெள்ளைச் சுவர் ஒன்று அப்படியே நின்றது.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயால் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்ற பயம். தினம் குளிக்கப் போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வலது கண்ணைக் கையால் பொத்துவேன். இடது கண்ணுக்கு நேரே விரலை ஆட்டிப் பார்ப்பேன். ஏதோ அசைகிற மாதிரி இருக்கும். அது விரலா, என் ஆசையா என்று தெரியாது. வெளியே வந்ததும் கணவர் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பார். "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலாம்" என்பேன். ஒவ்வொரு நாளும் தேவலாம், தேவலாம்.

விருந்தினர் வந்த அன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாளும், அவரோடு ஒருவரும் வந்தார்கள். கூட்டத்தில் நின்ற, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், வெள்ளைத்தோலைப் பார்த்த பழக்கத்தில் முன்னால் வந்து "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். அவர்கள் வேறு தேசம். ஆனாலும் சிரித்துப் பதில் சொன்னார்கள். கழிக்கரையில் நடந்தோம். வெள்ளைக்கார அம்மாள் என் வலது பக்கம் நடந்த வரைக்கும் பிழைத்தேன். அந்த அம்மாள் திடீரென்று இடது பக்கம் வந்துவிட்டார். ஏதோ ஒரு செடியைக் காட்டி, இது எப்படிப் பிடித்திருக்கிறது என்று கேட்டார். எனக்குச் செடியும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை.  நன்றாக வருகிறது என்று சொன்னேன். திருமலைராயன்பட்டினத்துப் பெண் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். பார்த்தால், அது காய்ந்து நின்ற குச்சி.

அந்த அம்மாள் என் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். மெட்ராஸ் ஐ என்றேன். அது என்ன என்று புரியாமல் முழித்தார். ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று எங்கள் இயக்குநர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்த அம்மாள் நாசூக்காக ஓர் அடி விலகினார்.

மேடையில் கண்ணாடி வழங்கி முடிந்தது. கைதட்டினார்கள். பிறகு அந்த அம்மாள் பெண்களுக்கு நேரே திரும்பி நின்றார். இந்தச் செடிகளில் ஒன்றின் பால் கண்ணுக்கு ஆகாது, அதனால்தான் இந்தக் கண்ணாடி, தனக்கு அதை நினைத்துக் கவலையாகவே இருந்தது, உங்களில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான்தானே மொழிபெயர்க்க வேண்டும்.

நல்ல மனுஷி. அவர் குரலில் கவலை இருந்தது, அது பொய்யில்லை.  "இந்தச் செடியோட பாலு பட்டு உங்கள்ல யாருக்காச்சும் கண்ணுக்கு எதாச்சும் ஆச்சான்னு கேக்குறாங்க" என்று சொன்னேன்.  எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பாலைப் பீய்ச்சி விட்டவளும் அங்கேதான் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாருக்கும் ஒண்ணும் ஆவலிங்க" என்றாள். அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது.

"நோபடி, மேடம்" என்றேன்.

அடுத்த கட்டத்துக்குப் பணம் வந்தது. பெண்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பொத்திப் பார்த்த கண்ணில் சுவர் நகரவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கணவர் கூட வந்தார். அறைக்குள் பாதியில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் ஒருவருக்கு எழுத்துப் படிக்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் பெஞ்சில் அடுத்த ஆளாக நான். அவர் உரக்கப் படித்தார். "ட, ப, ர." அடுத்த வரி. "ம, ய, க, ற." அதற்கும் கீழே இன்னொரு வரி. எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. அவர் படிக்கப் படிக்க நான் உதட்டுக்குள் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு மட்டும் தப்பித்துவிட்டால் போதும், அடுத்த தடவை வருவதற்குள் நிஜமாகவே தெளிந்துவிடும் என்று என்னை நானே நம்ப வைத்தேன்.

அவர் போனார், என்னை உட்கார வைத்தார்கள். எதிர்ச்சுவரில் எழுத்துக் காட்டும் திரையை நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், மருத்துவர் என் வலது கண்ணை மூடினார். வெள்ளைச் சுவர் வந்து நின்றது. அதில் ஒரு மூலை கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது, அதுதான் திரையாக இருக்க வேண்டும்.

"மேல இருந்து படிங்கம்மா."

"ட. ப. ர." நடுவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன், யோசிக்கிற மாதிரி நிறுத்தினேன். "ம, ய, க... ற." மூன்றாவது வரியையும் சொன்னேன். அதில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தெரியவில்லை என்று விட்டேன், அப்போதுதான் நம்புவார் என்று. பின்னால் நின்றிருந்த என் கணவர் ஏனோ தொண்டையைச் செருமினார்.

 மருத்துவர் என் தோளில் கை வைத்தார்.

"அவரு எந்திரிச்சதுமே நான் மாத்திட்டேம்மா. இப்ப அங்க எழுத்தே இல்ல. நம்பர் மட்டுந்தான் இருக்கு" என்றார். "பயப்படாமச் சொல்லுங்க. என்ன தெரியுது?"

 சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே தெரியலிங்க" என்றேன்.

என் கணவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.